ஒரே 8 கிராம், வேறு வேறு ரத்தம்

யாருக்காவது ஹீமோகுளோபின் 8 என்று ரிப்போர்ட் வந்தால், எங்கள் பக்கத்தில் அடுத்து வரும் வார்த்தைகள் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட். பரிசோதனைக்கூடத்தில் பல வருடமாக ரத்தத்தோடு பழகும் எனக்கு அந்த 8 பாதிச் செய்திதான். எதனால் குறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. இரும்புச்சத்து குறைந்தவருக்கும் 8 வரும், பி12 குறைந்தவருக்கும் 8 வரும், உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருப்பவருக்கும் 8 வரும். மூவருக்கும் மருந்து ஒன்றல்ல.

ரத்தசோகையோடு வருகிறவர்கள் ஊசியைப் பார்த்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "இருக்கிறதே கம்மி, அதையும் எடுக்கிறியே பாப்பா." சிபிசி என்ற முழு ரத்த அணுப் பரிசோதனைக்கு நாங்கள் எடுப்பது 2 மில்லி. "ரெண்டு மில்லிதாம்மா, சீக்கிரமே ஊறிடும்" என்று சொல்லிக்கொண்டே பேச்சுக் கொடுப்பேன். மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, மாதவிலக்கு அதிகமா, கறி மீன் சேர்ப்பீர்களா, மலம் கறுப்பாகப் போகிறதா? நேரப்போக்குக்கான பேச்சில்லை இது. பிற்பாடு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரும்போது இந்தப் பதில்கள் எல்லாம் வேண்டும்.

நான் படித்த காலத்தில் சாலி முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். அமிலத்தில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பழுப்புக் கண்ணாடியோடு நிறத்தை ஒப்பிட வேண்டும். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு அளவு சொல்வோம். இப்போது ஊதா மூடிக் குழாயை மெஷினில் வைத்தால் ஒரே நிமிடத்தில் இருபது எண்கள் வந்து விழுகின்றன. அவற்றில் என் கண் முதலில் போவது எம்சிவிக்கு, அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமனுக்கு. 80க்குக் கீழே போனால் அணுக்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) இரண்டும் இந்தப் பக்கம். 100க்கு மேலே போனால் பெரியவை. பி12, ஃபோலிக் அமிலம், கல்லீரல், குடிப்பழக்கம் எல்லாம் அந்தப் பக்கம்.

ஆனால் சராசரி ஏமாற்றும். ஒருமுறை வயதான அம்மா ஒருவரின் சாம்பிள் வந்தது. ஹீமோகுளோபின் 7.9, எம்சிவி 87. எம்சிவியை மட்டும் பார்த்தால் அணுக்களில் குறையே இல்லை. ஆனால் அணுக்களின் பருமன் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ மட்டும் 26. வழக்கமாக அது 15ஐத் தாண்டாது. ஸ்மியர் போட்டேன், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்தேன். லீஷ்மன் சாயம் ஊற்றி இரண்டு நிமிடம், அதன்மேல் இரண்டு பங்கு பஃபர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம். (பஃபர் தீர்ந்துவிட்டது என்று போர் தண்ணீரை ஊற்றும் இடங்களும் உண்டு. எங்கள் ஊர்த் தண்ணீரின் காரத்துக்கு அணுக்கள் எல்லாம் நீலம் பாரித்து, பார்க்க வேண்டியது எதுவும் தெரியாமல் போகும்.) காயவைத்து, அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவிக்கிடக்கும் இடத்துக்கு லென்ஸை நகர்த்தினால் இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒரு பக்கம் நடுவே வெளிறிப்போய் ஓரம் மட்டும் சிவந்த, வளையல் போன்ற சிறிய அணுக்கள், நடுநடுவே பென்சில் போல நீண்ட செல்கள். இன்னொரு பக்கம் முட்டை வடிவில் பருத்த அணுக்கள். கொஞ்சம் தள்ளி நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒன்று. அதன் உட்கருவை எண்ணினால் ஆறு மடல். சாதாரணமாக மூன்று, நான்கு இருக்கும்.

உடம்பில் இரும்பும் போதவில்லை, பி12ம் போதவில்லை. சின்னதையும் பெரியதையும் கூட்டி வகுத்தால் 87 வந்துவிடுகிறது. அந்த அம்மா சுத்த சைவம். பல் போனதிலிருந்து டீயும் ரஸ்க்கும்தான் ஆகாரமாம். கால் மரத்துப்போவதாக ரத்தம் எடுக்கும்போதே சொல்லியிருந்தார். இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் ஹீமோகுளோபின் ஓரளவு ஏறியிருக்கும், கால் நரம்பு கெட்டுக்கொண்டே போயிருக்கும்.

இதற்கு நேர் எதிராக ஒரு கல்லூரி மாணவி. ஹீமோகுளோபின் 10.8, எம்சிவி 62. கூட வந்த அம்மா புலம்பினார்: "எட்டாவது படிக்கும்போதிருந்து மாத்திரை போட்டுட்டுதான் இருக்கா மேடம். ஸ்கூல்ல குடுத்த நீல மாத்திரையும் போட்டா. வாரத்துக்கு மூணு நாள் கீரை. ஏறவே மாட்டேங்குது." சிவப்பணு எண்ணிக்கையைப் பார்த்தேன். மைக்ரோலிட்டருக்கு 59 லட்சம். இரும்பு இல்லாத உடம்பு இத்தனை அணுக்களைச் செய்யத் திணறும். எம்சிவியை எண்ணிக்கையால் வகுத்தால், அதாவது 62ஐ 5.9ஆல் வகுத்தால், பத்தரை. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகி என்பது மென்ட்சர் 1973இல் சொன்ன கணக்கு. கணக்கை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, ஆனால் அடுத்த டெஸ்ட் என்ன என்று அது காட்டிவிடும். எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடம், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சியும் எழுதினார். ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது. ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை வழக்கத்தைவிட அதிகம், 5 சதவீதத்துக்கு மேல். பீட்டா தலசீமியா ட்ரெய்ட், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறைபாட்டு மரபணு வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நோய் என்று ஒன்றுமில்லை. அவள் உடம்புக்கு 10.8தான் இயல்பு. தேவையில்லாத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கி வயிற்றெரிச்சல் பட்டதுதான் மிச்சம். தெரிந்துகொண்டதில் லாபம் வேறு: கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். இருவரும் ட்ரெய்ட் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான வகை வர. அம்மாவிடம் மேடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "வெளிய சொல்லலாமா மேடம்?" அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

இரும்பு மாத்திரையைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53. இவர்களில் பெரிய பங்கு இரும்புச்சத்துக் குறைவுதான், அவர்களுக்கு அந்த மாத்திரை அருமருந்து. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் நகரவில்லை என்றால், அதே மாத்திரையை மறுபடி எழுதுவதற்கு முன்னால் ஒரு ஸ்மியர் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது. வயதான ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மாதவிலக்கு இல்லாத உடம்பிலிருந்து ரத்தம் எங்கே போகிறது? வயிற்றுப்புண்ணா, குடலில் கட்டியா என்று பார்க்காமல் டானிக்கோடு அனுப்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மெஷின் சொல்வதை அப்படியே நம்பக்கூடாத நாளும் வரும். ஒரு மார்கழிக் காலையில் வந்த சாம்பிளில் ஹீமோகுளோபின் 7.6, சிவப்பணு வெறும் 9 லட்சம், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் எம்சிஹெச்சி 48. 36க்கு மேலே போனாலே யோசிக்க வேண்டிய எண் அது. குழாயை வெளிச்சத்தில் சாய்த்தேன். கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழுக்கி இறங்காமல் மணல்மணலாக ஒட்டி நின்றது. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்தபோது மணல் கரைந்து, வழவழவென்று ஓடியது. ஆறவிடாமல் மறுபடி ஓட்டினால் சிவப்பணு 23 லட்சம், எம்சிஹெச்சி 34. ஹீமோகுளோபின் மட்டும் மாறவில்லை. அணுவை உடைத்துத்தானே மெஷின் அதை அளக்கிறது. குளிரில் அணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறது என்று உடனே வார்டுக்கு போன் செய்தோம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் குளிர்ந்த ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது அல்லவா.

நீலகிரிப் பக்கத்துச் சாம்பிள் என்றால் இன்னொன்றும் மனதில் ஓடும். அந்த மலைகளின் பழங்குடிகளிடம் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ட்ரெய்ட் உள்ளவர்களின் ஸ்மியர் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கரைதிறன் சோதனையில்தான் பிடிபடும்: குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட தாளை வைத்தால், கலங்கிய கரைசல் வழியே கோடு தெரியாது. அதையும் ஹெச்பிஎல்சியில் உறுதி செய்த பிறகே ரிப்போர்ட்.

ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. மிக வெளிறிப்போய் ஒரு குழந்தை வரும். அவசரத்தில் ரத்தம் ஏற்றிவிடுவார்கள். அது சரிதான், உயிர் முக்கியம். இரண்டு நாள் கழித்து "ஹெச்பிஎல்சி பாருங்கள்" என்று சீட்டு வரும். அதற்குள் குழாயில் இருப்பது பாதி கொடையாளியின் ரத்தம். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மா அப்பா இருவரையும் வரவழைத்து அவர்கள் ரத்தத்திலிருந்து ஊகிக்க வேண்டும். வேலைக்குப் போன இடத்திலிருந்து அப்பா வந்து சேரவே ஒரு வாரம் ஆகும். ஏற்றுவதற்கு முன் கொடையாளியின் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச்சுக்கு எப்படியும் ஊசி குத்துகிறார்கள். அதே ஊசியில் ஊதா மூடிக் குழாய் ஒன்றிலும் 2 மில்லி எடுத்து, தேதி நேரம் எழுதி எங்களிடம் அனுப்பிவிட்டால் போதும். ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், டெஸ்ட் எழுதும் வரை நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம்.