மலை முகட்டில் ஒரு வலம்: ஸ்டோஸும் அதைச் சுற்றிய ஏரிகளும்

சென்னையில் அச்சடித்துக் கொடுக்கப்படும் சுவிட்சர்லாந்து சுற்றுலா விளம்பரத் தாள்களில் ஊர்கள் மாறுவதே இல்லை. டிட்லிஸ் பனிமலை, யுங்ஃப்ராவ் ரயில், ரைன் அருவி, இடையில் ஒரு சாக்லேட் கடை. டிட்லிஸ் உச்சியில் இந்திப் பட நட்சத்திரங்களின் அட்டை உருவம்கூட நிற்கிறது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே. அந்தத் தாள்களில் ஸ்டோஸ் என்ற பெயரை நான் பார்த்ததில்லை. சூரிச்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மாமாதான் இந்த மலையைச் சொன்னார். "பனியில் உருண்டு விளையாட வேண்டும் என்றால் வேறு இடம் போகலாம். நடக்க வேண்டும் என்றால் இங்கே போகலாம்" என்றார். எனக்கு நடக்க வேண்டும்.

ஸ்டோஸ் என்பது ஷ்வீட்ஸ் மாநிலத்தில், சுமார் 1300 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூர். ஊருக்குள் கார் கிடையாது. கீழிருந்து நாங்கள் இழுவை ரயிலில் ஏறிப் போனோம். நம் பழனி மலை விஞ்ச்சின் உறவுக்காரர்தான் இது. ஆனால் உடம்பு வேறு. பெட்டிகள் நீள்சதுரமாக இல்லை, உருளைகளாக இருக்கின்றன. பாதை செங்குத்தாக ஆக ஆக உருளைகள் தானாகத் திரும்பி, உள்ளே தளத்தை மட்டமாக வைத்துக்கொள்கின்றன. அதனால் நாம் சாயாமல் நிற்கிறோம்; மலைதான் சாய்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 110 சதவீதம். 100 மீட்டர் முன்னே போவதற்குள் 110 மீட்டர் மேலே ஏறிவிடும். 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கியபோது உலகிலேயே செங்குத்தான இழுவை ரயில் இதுதான் என்று செய்தித்தாள்களில் வந்தது. அக்கா வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

ஊரிலிருந்து கிழக்கே கிளிங்கன்ஸ்டாக், 1935 மீட்டர். மேற்கே ஃப்ரோனால்ப்ஸ்டாக், அதைவிடச் சற்றே குறைவு. இரண்டையும் சேர்க்கும் முகட்டின் மேல் சுமார் நாலரை கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. இரண்டு சிகரங்களுக்கும் தொங்கு நாற்காலி வண்டிகள் உண்டு. பெரும்பாலோர் ஒன்றில் ஏறி, முகட்டில் நடந்து, மற்றொன்றில் இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் ஊரிலிருந்தே நடந்து ஏறி, முகட்டைக் கடந்து, அக்கா தவிர மற்ற இருவரும் நடந்தே ஊருக்குத் திரும்பினோம். என்னைக் கேட்டால் இதுதான் முறை. திருவண்ணாமலையில் மலையைக் கீழே சுற்றுகிறோம். இங்கே பள்ளத்தாக்கை மேலே சுற்றுகிறோம்.

ஏற்றம் 630 மீட்டர். சென்னைக்காரருக்கு இதற்குப் பயிற்சி எடுக்கப் பரங்கிமலை போதாது. புறப்படுவதற்கு முன் நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறிப் பழகினேன். ஐந்நூற்றுக்கும் அதிகமான படிகளை இரண்டு முறை ஏறி இறங்கினால்தான் தொடைக்கு விஷயம் புரியும். ஸ்டோஸில் படிகள் இல்லை, மாட்டு மேய்ச்சல் நிலம். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் சொம்பு அளவுக்கு மணி. மேய்ச்சல் நிலங்களை மின்கம்பி வேலி பிரிக்கிறது. பாதை குறுக்கிடும் இடத்தில் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு கொக்கி. கழற்றி, உள்ளே போய், திரும்ப மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் போகிறவரைப் பார்த்தால் இந்த நாட்டுக்காரர்கள் வாய்விட்டே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, நேரம்தான் இருக்கும். அந்த நேரம் யாருடைய கால்களை வைத்துக் கணக்கிட்டது என்று தெரியவில்லை. அக்காவுடைய கால்கள் இல்லை என்பது மட்டும் உறுதி. பாறைகளில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பட்டைகள் தீட்டியிருந்தால் அது மலைப்பாதை. சாதாரண நடைபாதை அல்ல, நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும் என்று பொருள். உச்சிக்குச் சற்று கீழே இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த புதர்களை ஆல்ப்ஸ் ரோஜா என்கிறார்கள். உண்மையில் ரோஜா இனமே அல்ல. நீலகிரியில் பூக்கும் காட்டுப் பூவரசுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

கிளிங்கன்ஸ்டாக் உச்சியில் கால் வைத்ததும் மறுபக்கம் திறந்துகொண்டது. தெற்கே ஊரி மாநிலத்து மலைகள், கிழக்கே பனி போர்த்திய கிளார்னிஷ், வடக்கே கூம்பு போல நிற்கும் மீத்தன். கைப்பேசியை எடுக்காதவர் யாருமில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் எனக்குப் பனிமலைகள் பழகிவிட்டன. பழகாமல் இருந்தது தண்ணீர்.

முகட்டில் மேற்கு நோக்கி நடந்தால் லூசர்ன் ஏரி எப்போதும் எதிரிலேயே இருக்கிறது. அதனால்தான் கிளிங்கன்ஸ்டாக்கிலிருந்து தொடங்குவது நல்லது என்கிறேன். காலை வெயில் முதுகில் விழும், ஏரி முகத்துக்கு நேரே விரியும். வலப்பக்கம் தாழ்வாக லவெர்ட்ஸ் ஏரி, அதற்கப்பால் சூக் ஏரி. இன்னும் தள்ளித் தள்ளிக் கண்ணாடிச் சில்லுகளாக எத்தனையோ. இந்த முகட்டிலிருந்து பத்து ஏரிகளுக்கு மேல் தெரியும் என்கிறார்கள். நான் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, மேகத்தின் நிழலையும் ஏரி என்று எண்ணுவதாக மாமா சொன்னபிறகு விட்டுவிட்டேன்.

லூசர்ன் ஏரியின் கொள்ளளவு 11.8 கன கிலோமீட்டர். இந்தக் கணக்கு சென்னைக்காரருக்கு ஒட்டாது. டிஎம்சியில் சொன்னால் ஏறக்குறைய 416. மேட்டூர் அணையை நான்கு முறை நிரப்பினாலும் மிச்சம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் விளிம்புவரை நிரம்பினால் மொத்தம் 11 டிஎம்சி சொச்சம். 2019 கோடையில் அந்த நான்கும் ஒன்றாக வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்த கை, இப்படி ஒரு ஏரியைப் பார்க்கும்போது தானாகக் கணக்குப் போடுகிறது. பக்கத்தில் நின்ற ஐரோப்பியர்கள் "எவ்வளவு நீலம்" என்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம். நான் எத்தனை மாதத்துக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்தில். ஏரி எங்கே என்று வெளியூர் உறவினர்கள் கேட்பார்கள். அந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். ஏரி போய்ப் பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சிய ஊர்க்காரி நான்.

இங்கேயும் ஓர் ஏரி சுருங்கியிருக்கிறது, ஆனால் கதை வேறு. லவெர்ட்ஸ் ஏரிக்குப் பின்னால் ராஸ்பெர்க் என்றொரு மலை. அதன் சரிவில் இன்றும் தழும்பு போல ஒரு வெளிறிய பட்டை தெரிகிறது. மாமா கைகாட்டியபிறகு வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. 1806 செப்டம்பர் 2 அன்று, பெருமழைக்குப் பிறகு, அந்த மலையின் ஒரு பக்கம் அப்படியே வழுக்கி விழுந்தது. மேலே கூழாங்கற்கள் இறுகிய கனமான பாறை, அடியில் களிமண் கலந்த மென்மையான அடுக்கு. தண்ணீர் உள்ளே இறங்கியதும் மேல் அடுக்குக்குப் பிடிமானம் போய்விட்டது. கோல்டாவ் என்ற ஊர் மொத்தமாகப் புதைந்தது. 457 பேர் இறந்தார்கள். சரிந்த மண் ஏரியின் ஒரு மூலையில் விழுந்து பேரலையை எழுப்பியது. காலையில் நாங்கள் ரயில் மாறிய ஆர்த்-கோல்டாவ் நிலையம் அந்த இடிபாட்டின் மேல்தான் நிற்கிறது. அந்த நடைமேடையில் நின்று பிஸ்கட் தின்றபோது இது எதுவும் தெரியாது.

பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களில் கத்தி முனை போலத் தெரியும், அவ்வளவு மோசமில்லை. ஆனால் சாதுவும் அல்ல. சில இடங்களில் இரண்டு பக்கமும் புல்வெளி நேராகக் கீழே போகிறது. குறுகலான திருப்பங்களில் பாறையில் இரும்புச் சங்கிலி அடித்திருக்கிறார்கள். பல கைகள் பிடித்துப் பிடித்து நடுப்பகுதி வழுவழுவென்று மின்னுகிறது. படிகளுக்கு விளிம்பாக மரக்கட்டைகள். மழையில் மண் அரித்துப்போய்க் கட்டை மட்டும் முழங்கால் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கும். ஹூசர்ஸ்டாக் என்ற நடுச்சிகரத்தைத் தாண்டியதும் ஒரு நீண்ட இறக்கம். ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி ஃப்ரோனால்ப்ஸ்டாக்குக்கு ஏற வேண்டும். அந்த இடத்தில்தான் அக்கா, "உன் மாமா என்னிடம் தட்டையான பாதை என்று சொன்னார்" என்றாள். மாமா பத்தடி முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

ஹூசர்ஸ்டாக்கில் சாப்பாடு. அக்கா முந்தின இரவே கிளறிவைத்த புளியோதரை. பொட்டலத்தைப் பிரித்ததும் காற்றில் மிதந்து வந்து இறங்கின ஆல்ப்ஸ் காக்கைகள். கறுப்பு உடம்பு, மஞ்சள் அலகு, சிவப்புக் கால்கள். நம் காக்கையைப் போலத் தத்தி வருவதில்லை. விளிம்பிலிருந்து சும்மா சாய்ந்து விழுந்து, கீழே போய், காற்றைப் பிடித்து மேலே எழுகின்றன. ஒன்று என் காலணி நுனிக்கு அருகே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. மலைப் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது சிந்திய நிலக்கடலையை எடுத்துப் போய்விட்டது, பருக்கைகளைத் தொடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்பது ஊரறிந்த வழக்கம். அவை வருவது நின்று வருடங்கள் பல ஆகிவிட்டன.

ஃப்ரோனால்ப்ஸ்டாக் உச்சியில் உணவகம், வண்டி நிலையம், கூட்டம். அங்கே ஒரு காபியின் விலைக்கு மயிலாப்பூரில் இரண்டு பேர் டிபன் முடித்துவிடலாம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் "சென்னையோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். இளைஞராக வந்தாராம், பிள்ளைகள் இங்கே கல்லூரி முடித்துவிட்டார்களாம். அக்காவின் முழங்காலைப் பார்த்துவிட்டு, "இறங்கும்போது வண்டியில் போங்கோ, அக்கா" என்று சொல்லி, கேட்காமலேயே பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பித் தந்தார்.

உச்சியின் மேற்கு விளிம்பில் நின்றால் ஏரி 1500 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில், காலடியில் கிடக்கிறது. எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்னப் புல்வெளி. அதுதான் ரூட்லி. 1291இல் ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் ஆகிய மூன்று நாட்டவர் அங்கே கூடிச் சத்தியம் செய்ததில்தான் சுவிட்சர்லாந்து பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்த ஆண்டு மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். கூட்டணி ஒப்பந்தப் பத்திரம் இன்னும் ஷ்வீட்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தேசத்தின் தொடக்கத்துக்குச் சொல்லப்படும் இடம் கோட்டையாகவோ அரண்மனையாகவோ இல்லாமல் மாடு மேய்கிற நிலமாக இருப்பது எனக்குப் பிடித்தது.

அக்கா வண்டியில் இறங்கினாள். நானும் மாமாவும் நடந்தோம். ஏறுவது மூச்சு, இறங்குவது முட்டி. 600 மீட்டர் இறக்கத்தில் ஊன்றுகோல் இல்லாமல் போகாதீர்கள். ஒரு ஜோடியை இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டால்கூடப் போதும். பாதையில் பனி உருகி முடிய ஜூன் ஆகிவிடும், அக்டோபரில் மறுபடி விழத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடி சகஜம். முகட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. எனவே காலை முதல் இழுவை ரயிலைப் பிடியுங்கள். நாற்காலி வண்டிகளைப் பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி இருக்கும் என்று நம்பி வருபவருக்கு, அது இல்லாத நாளில் கடைசி ஒன்றரை மணி நேரம் மிக நீளமாக இருக்கும்.