‘ஒட்டுண்ணி’ என்ற ஒரே சொல்லால் எனக்குப் போன ஆறு மாதம்

முந்தாநாள் முடிவு வந்தது. இரண்டாவது முயற்சியில் குவாலிஃபையிங் தேர்வில் தேறிவிட்டேன். மனம் லேசாக இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துத் தேர்வு, வைவா (வாய்மொழித் தேர்வு) எப்படி நடக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை. மீச்சிறு பாக்டீரியாக்களும் அவற்றின் ஓம்புயிரிகளும் (அவை ஒட்டி வாழும் பிற உயிரிகள்) என்பதைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களுக்காகத்தான் இது.

முதல் வைவாவில் வந்த கேள்வி எளிமையானது. “டிஎம்7எக்ஸ் தன் ஓம்புயிரியை என்ன செய்கிறது?” டிஎம்7எக்ஸ் என்பது மனித வாயில் வாழும் ஒரு மீச்சிறு பாக்டீரியா. நான் யோசிக்காமல், “ஒட்டுண்ணி, உறிஞ்சிக் கொன்றுவிடும்” என்றேன். “எப்போதுமா?” என்று கேட்டார் தேர்வாளர். ஜீனோம் (முழு மரபணுத் தொகுதி) மிகச் சிறியது, அமினோ அமிலங்களைத் தானாகச் செய்துகொள்ள முடியாது, ஆகவே ஒட்டுண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். “பெலாஜிபாக்டரின் ஜீனோமும் சுமார் 13 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்) தானே, அது யார் மேல் ஒட்டியிருக்கிறது?” என்றார். கடலில் தனியாகத் திரியும் பாக்டீரியா அது. எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அதன்பின் எந்தப் பதிலும் ஒழுங்காக அமையவில்லை. மறுதேர்வுக்கு ஆறு மாதம் காத்திருந்தேன்.

என் தவறு இதுதான்: உறவுக்கு ஒரு பெயர் வைத்தேன், நிலையைச் சொல்லவில்லை. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.

டிஎம்7எக்ஸையே எடுத்துக்கொள்வோம். சாக்கரிபாக்டீரியா வகை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் வெறும் டிஎன்ஏ வரிசையாக மட்டுமே தெரிந்திருந்த கூட்டம் இது. 2015-இல்தான் மனித வாயிலிருந்து முதன்முதலாக வளர்ப்புக்குள் வந்தது. வந்த விதமும் அழகு. 16எஸ்-இல் (பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் ரைபோசோம் மரபணு) ஓரிடத்தில் இருந்த வித்தியாசமான எழுத்தைப் பார்த்து, ஸ்ட்ரெப்டோமைசின் இதைக் கொல்லாது என்று முன்கூட்டியே கணித்து, அந்த மருந்தைப் போட்டே பிரித்தெடுத்தார்கள். 200–300 நானோமீட்டர் உருண்டை, சுமார் 7 லட்சம் கார இணைகள். ஆக்டினோமைசஸ் என்ற இன்னொரு வாய்ப் பாக்டீரியாவின் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டுதான் வாழும்.

இனி நிலைகளைப் பாருங்கள். இதை இதுவரை சந்திக்காத ஓம்புயிரியுடன் சேர்த்தால் ஓம்புயிரிக் கூட்டம் சரிந்துவிடும். ஆனால் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போனால், எளிதில் பாதிக்கப்படாத செல்கள் எழுந்துவரும், அப்புறம் இரண்டும் சேர்ந்தே நிலைத்திருக்கும். 2018-இல் வந்த இந்த முடிவை வளைகோடாக வரைந்து காட்டப் பழகுங்கள். நீண்ட நாள் ஊட்டம் இல்லாமல் போட்டால் மறுபடி கொல்லத் தொடங்கும். அதே உயிரி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் சூழலில் அதை உடைத்து அம்மோனியா வெளியிடுகிறது. அதனால் அமிலத் தாக்குதலிலிருந்து ஓம்புயிரியும் தப்புகிறது (2022). ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வந்தாலும் டிஎம்7எக்ஸ் ஒட்டிய செல்கள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன (2024). எலிகளில் செய்த ஆய்வில், சாக்கரிபாக்டீரியா சேர்ந்தபோது ஈறு வீக்கமும் எலும்பு இழப்பும் குறைந்தன (2021). இத்தனையையும் ‘ஒட்டுண்ணி’ என்ற ஒரு சொல்லில் அடைக்கப் பார்த்தேன் என்பது இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

இரண்டாம் முறைக்கு ஒரே ஒரு தாள் தயாரித்தேன். நான்கு கட்டங்கள்: யார், யார் மேல், எந்த நிலையில், எதை வைத்துச் சொல்கிறோம். ஒன்பது ஜோடிகளை எழுதினேன். நான்காவது கட்டம்தான் உயிர். வாம்பைரோகாக்கஸ் லுகோசி ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதை நுண்ணோக்கியும் ஜீனோமும் காட்டின (2021). மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோத்ரிக்ஸ் என்ற ஆர்க்கியாவின் (பாக்டீரியா அல்லாத தனி நுண்ணுயிர்ப் பிரிவு) மேல் யானோஃப்ஸ்கிபாக்டீரியா ஒட்டியிருக்கும்போது, அந்த ஓம்புயிரி செல்களில் ரைபோசோம் (செல்லின் புரதத் தொழிற்சாலை) ஒளிர்வு மங்கியிருந்தது, அதாவது அவற்றின் செயல்பாடு குறைந்திருக்கலாம் (2022). அது மறைமுகச் சான்று. சவுத்லாக்கியா என்ற இன்னொரு சாக்கரிபாக்டீரியாவில் 2023-இல் மரபணுவையே மாற்றி, எந்த மரபணு இல்லாவிட்டால் ஓம்புயிரி மேல் வாழ முடியாது என்று சோதித்தார்கள். அது நேரடிச் சான்று. மூன்றையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது.

மறுதேர்விலும் அதே டிஎம்7எக்ஸ் கேள்விதான் வந்தது. “புதிய ஓம்புயிரியா, பழகிய ஓம்புயிரியா?” என்று முதலில் தெளிவுபடுத்திக் கேட்டேன். தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு கேள்வியிலேயே இருபது நிமிடம் போனது.

மற்றவை, வந்த வரிசையில்:

– வழக்கமான 16எஸ் பிரைமர்களுக்கு (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இந்த மீச்சிறு பாக்டீரியாக்களில் பல ஏன் சிக்கவில்லை? (வரிசை விலகல், மரபணுவுக்குள் செருகல்கள்.)
– 0.2 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டிய நிலத்தடி நீர்ச் செல்களின் கன அளவு. சுமார் 0.009 கன மைக்ரான். இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்.
– கிராசிலிபாக்டீரியாவில் (இதே கூட்டத்தின் இன்னொரு வகை) யுஜிஏ என்ற மரபுக் குறி, புரதம் முடிவதைக் காட்டும் நிறுத்தக் குறி அல்ல, கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கான குறி. இதை மறந்து மரபணுக்களைக் கணித்தால் புரதங்கள் துண்டுதுண்டாக வரும்.
– பிற பாக்டீரியாக்களை வேட்டையாடும் டெல்லோவிப்ரியோவிலிருந்து என்ன வேறுபாடு? அது இரையின் உள்ளே புகுகிறது. ஜீனோமும் பெரியது, சுமார் 38 லட்சம்.
– நானோஆர்க்கியம் ஈக்விடன்ஸ் பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா. பதற்றத்தில் பலர் இங்கே வழுக்குகிறார்கள்.

படித்த முறை: குழுவாகப் படிப்பது எனக்கு உதவவில்லை. மற்றவர்கள் தலையாட்டும்போது எனக்கும் புரிந்துவிட்டதுபோல் இருந்தது. விடியற்காலையில் தனியாக, வெள்ளைத் தாளில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வளைகோடு வரைந்து, அதைச் சுவரைப் பார்த்து உரக்க விளக்கினேன். குரல் எங்கே தயங்குகிறதோ அங்கே நான்காவது கட்டம் காலியாக இருக்கும். பரிணாம மரம் பற்றிய விவாதங்களில் மூன்று வாரம் செலவழித்தேன், ஒரு கேள்விகூட வரவில்லை. அந்த நேரத்தைக் கூட்டு வளர்ப்பு ஆய்வுகளுக்குக் கொடுத்திருப்பேன்.

கடைசியாக, பெயர்கள். பழைய கட்டுரைகளில் ஆக்டினோமைசஸ் ஒடோன்டோலிட்டிகஸ் என்றிருப்பது புதியவற்றில் ஷாலியா ஒடோன்டோலிட்டிகா. டிஎம்7எக்ஸுக்கே நானோசின்பாக்டர் லிட்டிகஸ் என்ற பெயர் உண்டு. சிபிஆர், பேட்டசிபாக்டீரியா இரண்டும் இந்த மீச்சிறு பாக்டீரியாக்கள் அடங்கிய ஒரே கூட்டத்தைத்தான் குறிக்கும். வைவா தொடங்கும்போதே எந்தப் பெயரைச் சொல்லப்போகிறீர்கள் என்று ஒருமுறை அறிவித்துவிட்டு, கடைசி வரை அதையே சொல்லுங்கள்.