தடாகத்துப் பம்ப்பை என்ன வேகத்தில், எத்தனை மணித்தியாலம் விடுவது?

அண்ணாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கன தூரம் நடந்தால் பொய்க்கால் உரசிப் புண்ணாகிவிடும். நீந்தினால் மட்டும் உடம்பு இலேசாகிறது என்பார். அவருக்காகத்தான் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சி வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில், சின்ன நீச்சல் தடாகம் ஒன்று கட்டினோம். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர். கிட்டத்தட்ட 45,000 லீற்றர் தண்ணீர்.

கட்டித் தந்தவர், தண்ணீரை மணல் வடிகட்டிக்குள்ளால் சுற்றவிட ஒன்றரைக் குதிரைவலுப் பம்ப்பைப் பூட்டி, "எட்டு மணித்தியாலம் விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே வேகம்தான். முதல் கரண்ட் பில்லை அண்ணி மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுப் பாவனை 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி விலை. பம்ப் மட்டுமே மாதம் 360 யூனிட் எடுத்திருந்தது. பயத்தில் ஓடும் நேரத்தை மூன்று மணித்தியாலமாக வெட்டினேன். வைகாசி வெயில், சோளகக் காற்று வேறு புழுதியை அள்ளிக் கொட்டியது. ஒன்பதாம் நாள் தண்ணீர் பச்சையாகி, படியில் பாசி பிடித்துவிட்டது. ஒற்றைக்காலில் இறங்குகிறவருக்குப் பாசிப் படி எவ்வளவு ஆபத்து என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. மூன்று கிழமை அண்ணா இறங்கவில்லை.

கனடாவில் இருக்கும் மச்சான்தான் வழியைச் சொன்னார்: "நேரத்தைக் குறைக்காதை, வேகத்தைக் குறை." பம்ப்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதிதான் வரும். ஆனால் கரண்ட் பாதியாவதில்லை, கணக்குப்படி எட்டில் ஒன்றாகிவிடும். சோளகத்துக்கு எதிரே சைக்கிள் மிதித்தவருக்கு இது விளங்கும். ஆறுதலாக மிதித்தால் எவ்வளவு தூரமும் போகலாம். வேகத்தைக் கூட்டினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டு அதே அளவு தண்ணீரை வடித்தாலும், செலவு நாலில் ஒன்றுதான்.

அங்கிருந்தே பம்ப் ஒன்று அனுப்புவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். கனடாக் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. அங்கத்தைய சாதாரண மோட்டர் இங்கே வேகம் குறைந்து சூடேறும். கொழும்பில் வேகம் மாற்றக்கூடிய இன்வேட்டர் பம்ப் ஒன்று வாங்கிப் பூட்டினோம்.

எந்த வேகம் என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவெடுத்தேன். மீற்றரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். எங்கள் மீற்றரில் 1 யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று எழுதியிருக்கிறது. பிரிட்ஜ், பான் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு எண்ணினேன். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 40 சிமிட்டல், அதாவது 1500 வாற். பாதி வேகத்தில் 7 சிமிட்டல்தான், ஏறக்குறைய 260 வாற். கணக்குப்படி 190 வரவேண்டும். மிச்சத்தை மோட்டரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் எடுக்கின்றன.

தண்ணீரையும் அளந்தேன். குளோரின் போடாமல் இரண்டு நாள் விட்டு, வால்வை வெளியேற்றும் பக்கம் திருப்பி, தண்ணீரை வாழைக்கு விட்டேன். தடாகத்து ஓட்டில் பென்சிலால் கீறி வைத்துப் பார்த்தால், முழு வேகத்தில் 2 சென்ரிமீற்றர் இறங்க இரண்டரை நிமிடம், பாதி வேகத்தில் ஐந்து நிமிடம். 2 சென்ரிமீற்றர் என்றால் 640 லீற்றர். மணல் வடிகட்டியைத் தொடாமல் போகிற தண்ணீர் என்பதால், உண்மையில் சுற்றுவது இதைவிடக் கொஞ்சம் குறைவு.

அப்படியென்றால் இன்னும் குறைப்போமே என்று 30 சதவீதத்திலும் விட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. மேல் தண்ணீரை இழுக்கும் வாயில் இருக்கிற தட்டி அசையவேயில்லை. வேப்பம்பூ அதன் முன்னால் வட்டமாகக் கூடி நின்றது, உள்ளே போகவில்லை. 50க்கு ஏற்றியதும் தட்டி சாய்ந்து, பூ ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போனது. எங்கள் தடாகத்துக்குக் கீழெல்லை அதுதான்.

இப்போது காலை 6 மணிக்கு ஒரு மணித்தியாலம் முழு வேகம். இரவு விழுந்த சருகையும் பூவையும் அது இழுத்துவிடும். பிறகு பின்னேரம் 5 மணிவரை பாதி வேகம். இதில் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு தரம் சுற்றுகிறது. ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் வடிந்துவிடாது. வடித்த தண்ணீர் வடியாததோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் 63 சதவீதமளவில்தான் வடிகட்டிக்குள் போயிருக்கும், இரண்டில் 86. ஒரு நாளைக்கு 4 யூனிட் சொச்சம், மாதம் 120 அளவில். குளோரினை வெயில்தான் தின்கிறது, அதனால் போடுகிற குளோரின் பகலில் நன்றாகக் கலக்கவேண்டும். எங்களைப் போல யூனிட் படிக்கு பில் கட்டுகிற வீட்டில் இரவில் ஓடவிட்டு மிச்சம் பிடிக்கவும் முடியாது.

அழுத்தமானியில் நான் ஏமாந்ததையும் சொல்லவேண்டும். மணல் அடைத்தால் முள் ஏறும். துப்புரவாக இருக்கும்போது காட்டுவதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (முள் காட்டும் அழுத்த அளவு) கூடினால் மணலைப் பின்னோக்கிக் கழுவவேண்டும். பாதி வேகத்தில் முள் எப்போதும் கீழேயே கிடந்ததால், கழுவத் தேவையில்லை என்று ஒன்றரை மாதம் விட்டுவிட்டேன். தண்ணீர் மங்கிய பிறகுதான் காரணம் பிடிபட்டது: மெல்ல ஓடும்போது மணல் அடைத்தாலும் முள் அவ்வளவாக ஏறாது. இப்போது காலையில் முழு வேகம் ஓடும்போது மட்டும் முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். கழுவும்போதும் முழு வேகம்தான். மெல்ல ஓடினால் மணல் கிளம்பாது, அழுக்கும் வெளியே போகாது.

கரண்ட் போய் வந்தால் டைமரின் மணிக்கூடு பிந்திவிடுகிறது, அதையும் சரிபார்க்கவேண்டும். சோளகக் காலத்தில் முழு வேகத்தை இரண்டு மணித்தியாலமாக்குகிறேன். மாரியில் வெயில் இல்லை, தண்ணீரும் குளிர்ந்துவிடும். போன கார்த்திகையில் பாதி வேகத்தில் ஏழு மணித்தியாலமே போதுமாக இருந்தது. காலையில் அண்ணா இறங்குவதற்கு முன் படியைக் கையால் தடவிப் பார்க்கிறேன். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் வழுக்கவில்லை.