நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?

இரண்டு ஊர்களின் நிழலைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிடும் பாடம் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், உச்சிவெயில் நேரே அடிவரை விழுந்த எகிப்தின் சையீன் கிணறு, அதே நேரம் வடக்கே அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி சாய்ந்த நிழல், 360-ஐ அதால் வகுத்தால் 50; இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 50-ஆல் பெருக்கினால் சுற்றளவு. மைதானத்தில் இறங்கிச் செய்தால் ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். காரணம், புத்தகப் படத்தில் இருக்கிற சூரியன் அலெக்சாந்திரியாவின் சூரியன். அங்கே உச்சிவேளை நிழல் ஆண்டு முழுக்க வடக்கில்தான் விழும். நம் ஊரில் அப்படியில்லை.

சென்னை 13.08 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஒரு மீட்டர் குச்சியின் உச்சிவேளை நிழல் டிசம்பர் 21-இல் வடக்கே 74 செ.மீ. நீளும். ஜூன் 21-இல் தெற்கே 18 செ.மீ. விழும். இடையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுமுறை நிழலில்லா நாள் வரும். சென்னையில் ஒரு பள்ளியும் கன்னியாகுமரியில் ஒரு பள்ளியும் சேர்ந்து அளப்பதாக வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரியில் இரண்டாவது நிழலில்லா நாள் செப்டம்பர் 1 வாக்கில்.

சம இரவு பகல் நாள்தான் கணக்குக்கு வசதி. ஆனால் மார்ச்சில் பொதுத்தேர்வு, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. ஆகவே ஆகஸ்ட் கடைசி வாரம்தான் பள்ளிகளுக்குத் தோதாக அமையும். பிழை பதுங்கியிருப்பதும் அந்த வாரத்தில்தான். ஆகஸ்ட் 26-ஐ ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10.5 டிகிரியில் நிற்கும். சென்னைக் குச்சியின் நிழல் வடக்கே 4.5 செ.மீ., அதாவது 2.6 டிகிரி. கன்னியாகுமரியில் தெற்கே 4.2 செ.மீ., 2.4 டிகிரி. புத்தகப் பழக்கத்தில் பிள்ளைகள் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள்; 0.2 டிகிரி வரும், பூமியின் சுற்றளவு பத்து லட்சம் கிலோமீட்டரைத் தொடும். நிழல்கள் எதிரெதிர்ப் பக்கம் என்பதால் கூட்ட வேண்டும். கூட்டினால் 5 டிகிரி. அந்தப் பத்து லட்சத்தை ஆசிரியர் உடனே திருத்திவிடக் கூடாது. இரண்டு குச்சியையும் வளைந்த அட்டையில் குத்திப் பார்த்து, ஏன் கூட்டல் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நிழல் இவ்வளவு குட்டையாக இருக்கும்போது அளப்பது லேசான காரியம் இல்லை. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நுனி ஏறக்குறைய 9 மி.மீ. அளவுக்கு மங்கித் தெரியும். 45 மி.மீ. நிழலில் அது ஐந்தில் ஒரு பங்கு. இதற்கு வழி உண்டு: குச்சியின் தலையில் 4 மி.மீ. துளையிட்ட அட்டையைக் கிடையாக ஒட்டினால், தரையில் சூரியனின் வட்ட பிம்பம் விழும். அதன் நடுவைக் குறித்தால் போதும். ஆனால் இப்போது அளவு தொடங்கும் இடம் குச்சியின் அடி அல்ல, துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளி. இதை மறந்துவிட்டு அளந்து, விடை ஏன் கெட்டது என்று தேடும் குழுக்கள்தான் அதிகம். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் துளையிலிருந்து தொங்கவிட்டு அந்தப் புள்ளியை முதலில் குறித்துவிட வேண்டும். காற்றில் ஆடினால் குண்டை ஒரு குவளைத் தண்ணீருக்குள் இறக்கலாம். மைதானத் தரை மட்டமாக இருக்காது. ஒட்டுப்பலகையைப் போட்டு, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

உச்சிவேளை என்றதும் பன்னிரண்டு மணி அடிக்கக் காத்திருப்பார்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. ஒரு டிகிரி மேற்கே போனால் நான்கு நிமிடம் தள்ளும். ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் உச்சி ஏறக்குறைய 12.11, கன்னியாகுமரியில் 12.22. அவரவர் உச்சியில் அவரவர் அளக்க வேண்டும். ஒரே கடிகார நேரத்தில் அளப்பது தவறு. நான்கு நிமிடம் பிசகினாலே பிம்பம் கிழக்கு மேற்காக 1.7 செ.மீ. நகர்ந்துவிடும்.

கடிகாரத்தை நம்பாத வழியே மேல். துளைக்கு நேர் கீழான புள்ளியை மையமாக வைத்து 12 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். 11.30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிம்பத்தின் நடுவில் புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைக்கும் கோடு வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும். அவற்றின் நடுப்புள்ளியையும் மையத்தையும் சேர்த்தால் வடக்கு தெற்குக் கோடு. பிம்பம் அந்தக் கோட்டில் விழுவதே உச்சி; அளக்க வேண்டியது அந்த நிழலைத்தான். அரண்மனைக்கு மனை வகுக்க இருகோல் நட்டு, நிழல் ஒருபக்கம் சாயாத நண்பகலில் கயிறு பிடித்ததைச் சங்கப் பாட்டே சொல்கிறது. கம்பி பாய்ச்சிய கான்கிரீட் மாடியில் திசைகாட்டியை நம்ப முடியாது, இதை நம்பலாம்.

இரண்டு பள்ளியும் ஒரே நாளில் அளப்பது கட்டாயம். அந்த வாரத்தில் சூரியன் நாளுக்கு 0.35 டிகிரி தெற்கே இறங்குகிறது. ஒரு நாள் தவறினால் விடையில் 7 சதவீதம் பிசகும். மேகம் மறைத்தால் இருவரும் அடுத்த நாளுக்குத் தள்ள வேண்டும்.

கடைசியாகத் தூரம். பேருந்துப் பயணத் தூரத்தைப் போட்டுவிடுவார்கள். வேண்டியது வடக்கு தெற்காக மட்டும் உள்ள இடைவெளி, சுமார் 555 கி.மீ. அதை அட்லஸில் அளவுகோல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கி எடுத்தால், அந்த 111 பூமியின் சுற்றளவிலிருந்தே வந்த எண். தெரிந்த விடையைத் திரும்ப எழுதியதாகிவிடும். குறிப்பேட்டில் நேரம், நிழல் நீளம் என்ற கட்டங்களோடு, வடக்கா தெற்கா என்று எழுத மூன்றாவது கட்டமும் கோடு போட்டே கொடுங்கள்.