நிற்பதும் மூச்சும்: வேலூர் நாட்குறிப்பு

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

சீகுங் எனும் சீன உடல், மூச்சுப் பயிற்சியில் ஒரு வகையான பா துவான் ஜின்னின் எட்டு அசைவுகளும் இப்போது வரிசை மாறாமல் வருகின்றன. இரு கைகளால் வானத்தைத் தாங்குவது, வில்லை இருபுறமும் வளைப்பது, ஒரு கையை மேலும் மறு கையைக் கீழும் அழுத்துவது, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது. அதற்குப் பிறகு வரும் நான்கும் இடுப்புக்கும் காலுக்கும் வேலை வைப்பவை. மொட்டை மாடியில் விடியுமுன் செய்துமுடித்தால்தான் உண்டு. ஆறரை மணிக்கெல்லாம் வேலூர் வெயில் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

இதைச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் ஷூ தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்திருக்கும் தைவான் தொழில்நுட்பர். இராணிப்பேட்டை விருந்தினர் விடுதியின் வாசலில் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தார். கேட்டதும் மறுக்காமல் கற்றுத் தந்தார். நான் முதலில் கேட்டதே மூச்சைப் பற்றித்தான்: எங்கே இழுப்பது, எங்கே விடுவது? கை உயரும்போது விலா தானாக விரிகிறது, அது போதும், மூச்சை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் என்றார். பிராணாயாமத்தில் வளர்ந்த எனக்கு இது புதிது. மூச்சைத் தொடாமல் மூச்சுப் பயிற்சியா?

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சீன நூலிலேயே இந்தப் பயிற்சியின் பெயர் வருகிறது. இன்று காணொளிகளில் அதிகம் காணப்படும் வடிவம், சீன அரசின் விளையாட்டுத் துறை 2003ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. ஆசிரியர் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் மாறாமல் ஒரே அளவில் இருக்கும்.

30 ஏப்ரல், புதன்

இன்று நிற்கும் பயிற்சி. ஜான் ஜுவாங் என்கிறார்கள். கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, முழங்காலின் விறைப்பைத் தளர்த்தி, வால் எலும்பைக் கீழே இறங்கவிட்டு, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில், கன்வேயர் ஓரமாக நின்று ஷூவின் மேல்பகுதித் தையலைச் சரிபார்க்கிற எனக்கு, இன்னும் ஒரு நிற்றலா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலையில் நிற்கும்போது முழங்கால் பூட்டிக்கொள்கிறது, எடை ஒரு காலிலேயே விழுகிறது, தோள் காதுவரை ஏறிவிடுகிறது. மாலையில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. பயிற்சியில் எடை பாதத்தின் நடுவில் பரவ வேண்டும். முதலில் தொடை நடுங்குகிறது. பிறகு நடுக்கம் தணிந்து குதிகால் சூடாகிறது.

பழைய சீனத் தாவோ நூலான சுவாங்சியின் ஆறாம் அதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. மெய்யான மனிதர் குதிகாலிலிருந்து மூச்சு விடுகிறார், மற்றவர்கள் தொண்டையிலிருந்து விடுகிறார்கள் என்பது அதன் கருத்து. ஜேம்ஸ் லெக் 1891இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கவிதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோன இடம் அது. இன்று நின்ற பிறகு, உடம்பைப் பார்த்து எழுதியவர் எழுதியது என்று உறுதியாகச் சொல்வேன். தோள் இறங்கினால் மூச்சு தொண்டையில் நிற்பதில்லை.

4 மே, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. நைனா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இளமையில் ஒரு சாமியாரிடம் வாசியோகம் என்ற மூச்சுப் பயிற்சியைக் கற்றவர். மூச்சுக்குத் திருமூலர் சொல்லும் 16, 64, 32 மாத்திரை என்ற நேரக் கணக்கு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. பதினாறு இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டு விடுவது.

“எல்லாம் ஒன்றுதான்மா. அவர்கள் சீன மொழியில் சொல்கிறார்கள், நாம் தமிழில் சொல்கிறோம்.”

“இல்லை நைனா. நீங்கள் மூச்சை நடத்துகிறீர்கள். அவர் நடத்தாதே என்கிறார்.”

“நடத்தாவிட்டால் அது பயிற்சியே இல்லையே!”

பேச்சு அங்கே நின்றது. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மத்தியானம், புத்தரின் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரத்தை மறுபடி படித்தேன். ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிப்பது பற்றியது அது. சுத்தாசென்ட்ரல் (SuttaCentral) இணையதளத்தில் பாலி மூலமும் ஆங்கிலமும் கிடைக்கின்றன. புத்தர் அதில் மூச்சை நீட்டவும் சொல்லவில்லை, குறைக்கவும் சொல்லவில்லை. நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்று அறிவது, குறுகிய மூச்சு வந்தால் குறுகியது என்று அறிவது. பதினாறு படிகளும் அந்த அறிதலிலிருந்தே வளர்கின்றன. நைனாவின் பதினாறு மாத்திரைக்கும் இந்தப் பதினாறுக்கும் எந்த உறவும் இல்லை. எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து முடிச்சுப் போடக் கூடாது.

சீனாவுக்கு இந்தப் பௌத்த மரபு சென்ற வழியும் சுவையானது. கி.பி. 148இல் லோயாங் நகருக்கு வந்த பார்த்திய (பழைய ஈரான்) நாட்டுத் துறவி அன் ஷிகாவ், மூச்சை எண்ணுவது, தொடர்வது, நிலைப்பது என்று ஆறு வாயில்களாகச் சீன மொழியில் தந்தார். ஆறாம் நூற்றாண்டில் தியன்தாய் மலையின் துறவி ஜியி (538–597) மூச்சை நான்காகப் பிரித்தார். சத்தம் கேட்பது ஒன்று. சத்தமில்லாமல் தடங்கி வருவது இரண்டு. தடங்காவிட்டாலும் கரடாக இருப்பது மூன்று. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியது நான்கு. முதல் மூன்றில் உட்கார்ந்தால் மனம் சிதறும், தேங்கும், களைக்கும் என்கிறார். நடைமுறையில் இதைவிட உதவிய குறிப்பு எனக்கு வேறில்லை. உட்கார்ந்ததும் இதில் எது என்று பார்த்தால் போதும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடுகிறது.

8 மே, வியாழன்

நைனாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அறுபத்து நான்கு மாத்திரை நேரம் மூச்சை அடக்குவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று சொல்லி, ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்தேன். குனிந்து பாதத்தைப் பிடிக்கும் ஆறாவது அசைவையும் அவர் முழங்காலோடு நிறுத்திக்கொள்கிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1980களில் சீனாவில் சீகுங் பெரும் அலையாகப் பரவியபோது, உடம்பில் ஆற்றலைச் செலுத்துகிறேன் என்று அளவு மீறிப் பயின்ற சிலருக்கு மனநிலை பிறழ்ந்தது. அமெரிக்க உளநல மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கையேடு இதற்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது. காணொளியைப் பார்த்து முதுகுத்தண்டில் சூட்டை ஏற்ற முயல்பவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. அசைவு, நிற்பது, உட்கார்ந்து கவனிப்பது, இவற்றைத் தனியாகக் கற்கலாம். ஆற்றலைச் சுற்றவிடும் பயிற்சிகளுக்கு அருகில் ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும்.

12 மே, திங்கள்

சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலை பஸ்களில் கால் வைக்க இடமில்லை. உலகின் பல நாடுகளில் இன்று புத்தர் பிறந்தநாள்.

தேநீர் இடைவேளையில், போதிதர்மர் நம் காஞ்சிபுரத்துக்காரர், சீனர்களுக்கு இதையெல்லாம் கொடுத்ததே அவர்தான் என்று கட்டிங் பிரிவுத் தம்பி ஒருவர் தைவான்காரரிடம் பெருமையோடு சொன்னார். அவர் கைகூப்பினார். தம்பியின் மகிழ்ச்சி எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் மரியாதை செய்வதென்றால் உள்ளதைச் சொல்லிச் செய்ய வேண்டும். லோயாங் நகரின் பௌத்த மடாலயங்களைப் பற்றிய 547ஆம் ஆண்டையொட்டிய நூல் போதிதர்மரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய மாணவராகக் கருதப்படும் தன்லின், தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்ற பெயர் பின்னால் சேர்ந்தது. சீகுங் அவருக்கும் முந்தியது. 1973இல் சீனாவின் மாவாங்துயில் ஒரு கல்லறையிலிருந்து தோண்டியெடுத்த பட்டு ஓவியத்தில் 44 உருவங்கள் உடலை நீட்டியும் வளைத்தும் நிற்கின்றன. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அவர் பெயரில் வழங்கும் தசைநார் பயிற்சி நூலோ பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது.

மரபு அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பயிற்சி, சுவரைப் பார்த்து உட்காருவது. நமக்கு அதுவே போதுமே! சண்டைக் கலையின் அடியும் உதையும் எதற்கு?

இரவு நிலவு வெளிச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ஜியி சொன்ன இரண்டாவது வகை மூச்சுதான் கடைசிவரை.

18 மே, ஞாயிறு

நைனாவோடு திருமலைக்குப் போய்வந்தேன். போளூர் பக்கம், பழைய வட ஆர்க்காடு. இராசராசனின் தமக்கை குந்தவை பெயரில் ஜினாலயம் (சமணக் கோயில்) இருக்கும் ஊர். பாறையிலேயே செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் நின்ற கோலத்தில் இருக்கிறார். தமிழ்நாட்டின் மிக உயரமான சமணச் சிற்பம் இதுதான். இந்த வட்டாரத்தில் வள்ளிமலையிலும் ஆற்காட்டுக்கு அருகே பஞ்சபாண்டவர் மலையிலும் சமண உருவங்களைக் கண்டிருக்கிறேன். பலர் அவற்றைப் புத்தர் என்று சொல்லிவிடுகிறார்கள். திருமலையில் ஜினாலயத்தில் இன்றும் வழிபாடு நடப்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

“பார், இவரும் உன்னைப்போல்தான் நிற்கிறார்” என்றார் நைனா.

நெடுநேரம் பார்த்தேன். கைகள் நேராகத் தொங்குகின்றன, உடலைத் தொடவில்லை. முழங்கால் வளையவில்லை. இது காயோத்சர்க்கம், உடம்பின் மேலுள்ள பற்றை விட்டுவிட்டு நிற்பது. கொடி படர்ந்தாலும் அசையாத நிலை. ஜான் ஜுவாங்கில் நிற்பவரோ உடம்பைக் கைவிடுவதில்லை. அதை ஊட்டுகிறார், வேர்விட வைக்கிறார், நீண்ட நாள் இருக்கச் செய்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இருவரும் நிற்கிறார்கள். உள்ளே ஒருவர் துறக்கிறார், ஒருவர் வளர்க்கிறார். இதை ஒன்று என்று சொன்னால் இருவருடைய உழைப்பையும் நாம் பார்க்கவில்லை என்றே பொருள்.

இதைச் சொன்னதும் நைனா பதில் சொல்லவில்லை. இறங்கும்போது படியில் நின்று, “அப்படியென்றால் உன் புத்தர் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இரண்டு பக்கமும் இல்லை, பார்க்கிற பக்கம் என்றேன். போளூர் பஸ் நிலையத்தில் மோர் குடித்தபோதும் அதே பேச்சுத்தான். அவர் இவ்வளவு ஆர்வமாக என்னோடு வாதாடி வெகுகாலமாகிறது.

25 மே, ஞாயிறு

எங்கள் லைனில் உள்ள பெண்கள், “அக்கா, அந்தக் கால் வலிக்குச் செய்வது எது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த வாரம் இரண்டு அசைவுகளை மட்டும் தேநீர் இடைவேளையில் தொடங்கினோம். முதலாவதும் எட்டாவதும். எட்டாவதில் குதிகாலை ஏழு முறை உயர்த்தி இறக்குவது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலில் தேங்கும் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நின்றே வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மூச்சைப் பற்றி நானும் எதுவும் சொல்லவில்லை. தோள் இறங்கட்டும், மற்றது தானே வரும்.

தைவான்காரர் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். அவரிடம் என் கேள்வியைக் கடைசியாகக் கேட்டேன்: காலையில் சீகுங், இரவில் ஆனாபானசதி, இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைச் செய்யும்போது மற்றொன்றைச் செய்யாதீர்கள் என்றார்.

சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது தியான மையத்தின் பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்கு விண்ணப்பம் எழுதினேன். மாந்தளையில் பிறந்த கோயங்கா, பர்மிய ஆசிரியர் சயாஜி ஊ பா கின்னிடம் கற்று, 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை. கட்டணம் கிடையாது. முதல் சில நாள்கள் மூச்சை மட்டும் கவனிப்பது. அங்கே இருக்கும்வரை வேறு எந்தப் பயிற்சியையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. கடுமையான விதி என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நான் இல்லாத நாள்களில் இடைவேளை அசைவுகளைப் பசை ஒட்டும் பிரிவு அக்கா நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பு செய்த பயிற்சிகளைப் பற்றிப் படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் எல்லாவற்றையும் விரிவாக எழுதி, பத்து நாளும் சீகுங் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு, அனுப்பிவிட்டேன்.