வதிவிட அட்டையில் இருப்பது எங்கள் பெயர்

சென்ற மாதம் ஒரு மாலையில், யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகிச் சுவிட்சர்லாந்துக்கு வந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளான ஒரு தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் தண்ணீர்க்குழாய் திறந்திருக்கும் ஓசை கேட்டது; குளியலறையில் நின்று பேசுகிறாள் என்பது புரிந்தது. "அக்கா, நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் என்ர விசாவை வெட்டிப்போடுவன் எண்டு இவர் சொல்லுறார். அப்பிடிச் செய்யேலுமே?" என்று கேட்டாள். அவளுடைய கணவர் சுவிஸ் பிரஜை. அன்றிரவு அவளுக்குச் சொன்னவற்றையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நானும் 2016 ஆம் ஆண்டு, விசா என்பது கணவர் கையால் தருகின்ற ஒரு பொருள் என்ற நினைப்போடுதான் சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்த நினைப்பு தவறானது என்று அறிய எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

சுவிஸ் பிரஜை ஒருவரைத் திருமணம் செய்தவர், அவரோடு ஒரே வீட்டில் வாழும்வரை, வதிவிட அனுமதி பெறுவதற்கும் அதைப் புதுப்பிப்பதற்கும் உரித்துடையவர் என்று வெளிநாட்டினர் மற்றும் ஒருங்கிணைவுச் சட்டத்தின் 42 ஆவது பிரிவு கூறுகிறது. 'உரித்து' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கணவரிடம் சி அனுமதி (நிரந்தர வதிவிட அனுமதி) மட்டும் இருந்தால், மனைவியை அழைக்கப் பொருத்தமான வீடு இருக்கிறதா, குடும்பம் சோசியல் உதவியில் (அரசின் வாழ்வாதார உதவிப் பணத்தில்) தங்கியிருக்கிறதா, வருபவருக்கு மொழி தெரியுமா அல்லது மொழி வகுப்பில் பதிந்திருக்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். சுவிஸ் பிரஜையின் மனைவிக்கு வரும்போதே மொழிச் சான்றிதழ் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. வந்த பின்னர் எந்த மாநிலத்திலும் வேலை செய்யலாம். அதற்கெனத் தனி அனுமதி தேவையில்லை. முதலில் கிடைப்பது பி அனுமதி, அதாவது குறித்த காலத்துக்கான வதிவிட அனுமதி. எங்களைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் ஓராண்டுக்கே வழங்கப்படும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவம் வரும்போது வயிற்றில் ஏற்படும் கலக்கத்தை நான் அறிவேன். அந்தப் படிவத்தை நிரப்புவது எப்போதும் கணவராகவே இருந்தால், அனுமதி அவருடையது என்ற எண்ணம் மனதில் ஊறிப்போவதில் வியப்பில்லை. ஆனால் அட்டையில் இருப்பது எங்கள் பெயரும் எங்கள் முகமும்தான். அது குறித்து முடிவெடுப்பது மாநிலத்தின் குடிவரவு அலுவலகமே அன்றிக் கணவர் அல்லர்.

ஐந்து ஆண்டுகள் ஒழுங்கான அனுமதியோடு வாழ்ந்து, இந்நாட்டு வாழ்வோடு இணைந்துகொள்வதற்கான ஒருங்கிணைவு நிபந்தனைகளையும் நிறைவு செய்தால், சி அனுமதி பெறும் உரித்து வருகிறது. ஐரோப்பிய மொழித் தரவரிசையில் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 தரம் வேண்டும். இடையில் ஊருக்குப் போய் நீண்ட காலம் தங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வெளிநாட்டில் ஆறு மாதங்களைத் தாண்டினால் பி அனுமதியும் காலாவதியாகும், சி அனுமதியும் காலாவதியாகும். சி உடையவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் அதை நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைக்கலாம்.

பிரஜாவுரிமை வேறு கணக்கு. சுவிஸ் ஆண் ஒருவரை மணந்த வெளிநாட்டுப் பெண் திருமணத்தோடு தானாகவே சுவிஸ் பிரஜையாகும் வழமை 1992 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்துவிட்டது. ஆயினும் ஊரில் பெண் பார்க்கும் வீடுகளில் இன்றும் "மாப்பிள்ளை சுவிஸ் பாஸ், பிள்ளைக்கும் உடனே கிடைச்சிடும்" என்று பேசிக்கொள்கிறார்கள். இன்றைய சட்டம் 2018 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மூன்று ஆண்டுகள் இல்லறத்தில் ஒன்றாக வாழ்ந்தவரும், விண்ணப்பத்துக்கு உடனடியாக முந்திய ஓராண்டு உட்பட மொத்தம் ஐந்து ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் வசித்தவரும் இலகுபடுத்தப்பட்ட முறையில் விண்ணப்பிக்கலாம். இதற்குச் சி அனுமதி வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தேவையில்லை, பி அனுமதியோடும் விண்ணப்பிக்கலாம். மொழித் தரம் மட்டும் உயர்கிறது: பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. முடிவெடுப்பது பேர்ணில் உள்ள கூட்டாட்சி அலுவலகம். மாநிலம் விசாரித்து அறிக்கை அனுப்பும்.

எங்கள் சமூகத்தில் பலரை இடறி விழுத்துவது கணவர் எப்போது பிரஜையானார் என்பதுதான். திருமணத்துக்கு முன்னரே அவர் சுவிஸ் பிரஜையாகியிருந்தால் மனைவிக்கு இந்த இலகு வழி திறந்திருக்கும். திருமணத்துக்குப் பின்னர் அவர் சாதாரண முறையில் பிரஜாவுரிமை பெற்றிருந்தால், மனைவியும் சாதாரண முறையிலேயே, அதாவது பத்து ஆண்டு வதிவும் சி அனுமதியும் பெற்ற பிறகு, மாநிலத்தின் நிபந்தனைகளோடும் கிராமசபையின் நிபந்தனைகளோடும் விண்ணப்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இணையர் கொழும்பில் எழுத்து எழுதி, அதாவது திருமணத்தைப் பதிவு செய்து, நான்கு மாதங்களுக்குப் பின்னரே கணவருக்குப் பிரஜாவுரிமை முடிவு வந்தது. அந்த நான்கு மாதங்களால் மனைவி எத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்பதை எழுத்துக்கு முன்னர் எவரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கணக்குப் பார்த்துவிட்டு என் எதிரில் அமைதியாக இருந்தது இன்னும் மனதை வருத்துகிறது.

விண்ணப்பத்தோடு இணைக்கும் ஆவணங்களில் பெட்ரைபுங் பதிவேட்டின், அதாவது கடன் அறவீட்டுப் பதிவேட்டின், சான்றும் ஒன்று. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் ஒன்றைக் கட்டாமல் விட்டு, நினைவூட்டல் கடிதங்களையும் திறக்காமல் மேசையில் போட்டு வைத்தால், அது கடன் அறவீடாக மாறி அந்தப் பதிவேட்டில் ஏறிவிடும். வீட்டுக் காசு விவகாரத்தைக் கணவரிடம் முழுதாக விட்டுவிட்ட பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பெயரில் என்ன பதிந்திருக்கிறது என்று ஒருமுறையேனும் அந்தச் சான்றை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் சோசியல் உதவி பெற்றிருந்தாலும், அதைத் திருப்பிக் கட்டியிருந்தாலன்றி, வழி அடைபடும்.

என் விண்ணப்பத்தின் பிற்பகுதியில் ஒரு தாள் வந்தது. நாம் இருவரும் ஒரே முகவரியில் நிலையான இல்லறத்தில் வாழ்கிறோம், பிரியும் எண்ணம் இல்லை என்று கணவரும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி. என் கணவர் பேனாவை எடுத்தபோது, "பொறுங்கோ, முதல்ல வாசிப்பம்" என்று நிறுத்தினேன். சமையலறை மேசையில் அமர்ந்து, ஜேர்மன் வாக்கியங்களை ஒவ்வொன்றாக நானே உரக்க வாசித்து, தெரியாத சொற்களை அகராதியில் தேடினேன். அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. பொய்யாகக் கையெழுத்திட்டு, அல்லது முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பிரஜாவுரிமையை எட்டு ஆண்டுகள் வரை செல்லாததாக்கலாம். ஆகவே இல்லறம் உடைந்துகொண்டிருக்கும் நிலையில் "பாஸ் வரும்வரை பொறு" என்று அறிவுரை சொல்பவர்கள் அந்தப் பெண்ணுக்கு நன்மை செய்யவில்லை.

அந்தத் தங்கையின் கேள்விக்கு வருகிறேன். கணவர் பிரிவை அலுவலகத்துக்கு அறிவிக்கலாம். ஆனால் அனுமதியை அவரால் வெட்ட முடியாது. இல்லறம் குறைந்தது மூன்று ஆண்டுகள் நீடித்து, ஒருங்கிணைவு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், பிரிந்த பின்னரும் அனுமதியைப் புதுப்பிக்கும் உரித்து 50 ஆவது பிரிவின்படி தொடர்கிறது. மூன்று ஆண்டுகள் நிரம்பாவிட்டாலும், வீட்டு வன்முறை போன்ற பாரதூரமான காரணங்கள் இருந்தால் அந்த உரித்து உண்டு. 2025 சனவரி முதல் இந்தப் பிரிவு விரிவாக்கப்பட்டு, சுவிஸ் பிரஜையோ சி அனுமதி உடையவரோ அல்லாதவர்களின் துணைவர்களையும் உள்ளடக்குகிறது. மருத்துவ அறிக்கை, பொலிஸ் பதிவு, ஆலோசனை நிலையத்தின் உறுதிப்படுத்தல் போன்றவை சான்றாகக் கவனிக்கப்படுகின்றன. எனவே அடி வாங்கிய நாளில் வைத்தியரிடம் போய் அதைப் பதிய வைப்பது மிக முக்கியம். வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கான ஆலோசனை நிலையங்கள் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. அங்கே ஆலோசனை இலவசம், சொன்னவை வெளியே போகா.

அவள் இங்கு வந்து பதிந்த திகதியைக் கேட்டேன். அட்டையை எடுத்து வரச் சென்றவள், அது கணவருடைய அலுமாரியில் பூட்டியிருக்கிறது என்றாள். கிராமசபையில் தன் பதிவுச் சான்றிதழைத் தானே கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் இறங்கி அதைப் பெற்றுக்கொண்டு, படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அவள் பெயரின் கீழே வருகைத் திகதி தெளிவாக இருந்தது: மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும். ஆலோசனை நிலையத்தில் வியாழக்கிழமை அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.