மஞ்சள் பை

"பாட்டி, அந்தப் பையைக் கொஞ்சம் கொடுங்களேன்."

இன்று காலை வார்டில் இப்படிக் கேட்டவர் பார்ம்.டி. என்னும் மருந்தியல் படிப்பின் ஐந்தாம் ஆண்டு மாணவி.

பாட்டி வியாசர்பாடிக்காரர். இதயத்தில் செயற்கை மிட்ரல் வால்வு பொருத்தியவர். ஈறில் ரத்தம் கசிகிறது என்று வந்திருந்தார். என் இறுதியாண்டு மருத்துவ மாணவர் வால்வின் ஒலியை அழகாக விவரித்தார். ரத்தம் உறையாமலிருக்க அவர் வார்ஃபரின் சாப்பிடுவதையும் சொன்னார். பையை மட்டும் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் திறக்கச் சொல்லவில்லை.

மஞ்சள் பையிலிருந்து ரேஷன் அட்டை, மூக்குக் கண்ணாடி, எவர்சில்வர் டப்பா எல்லாம் வந்தன. அடியில், பாதி காலியான மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை அட்டை. பல்வலிக்கு ஐந்து நாளாகச் சாப்பிடுகிறாராம்.

"வார்ஃபரின் உடலில் சிதைவதை இது தடுக்கும், சார். ஐ.என்.ஆர். ஏறியிருக்கும்" என்றார் அந்த மாணவி, மெதுவாக. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு அது.

மதியம் முடிவு வந்தது. 3-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 6.2.

இந்தியாவில் பார்ம்.டி. படிப்பு 2008-இல் வந்தது. ஆறு ஆண்டுகள் படிக்கிறார்கள். வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே வலியுறுத்தியது. ஆனால் நான் பார்த்தவரை, ஒரே வளாகத்தில் இருந்தும் கேன்டீனில்கூடத் தனித்தனி மேசைதான். இது என்னை உறுத்துகிறது.

மாலையில் பார்த்தேன். நர்சிங் மேசையருகே அந்த மாணவியும் என் மாணவரும் ஒரே நோட்டில் குனிந்திருந்தார்கள். மாணவி மருந்துகளின் பெயர்களைச் சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை முதல் இருவரும் சேர்ந்தே வார்டு சுற்று வர அனுமதி கேட்டிருக்கிறேன்.